உயரமா குதிக்கணும், முட்டியும் தாங்கணும்: 12 வாரப் பயிற்சி

[திரையில்: பக்கவாட்டுக் கோணம். ஒருத்தர் நின்ன இடத்துல இருந்து குதிக்கிறார். ஸ்லோ மோஷன்.]

நின்ன இடத்துல இருந்து 50 சென்டிமீட்டர் எழும்பணும்னா, கால் தரையை விட்டுப் பிரியும்போது உடம்பு விநாடிக்கு சுமார் 3.1 மீட்டர் வேகத்துல மேல போயிட்டு இருக்கணும். 60 சென்டிமீட்டருக்கு அது 3.4 மீட்டர். கால் காத்துக்கு வந்தப்புறம் நீங்க என்ன பண்ணினாலும் உயரம் கூடாது. எல்லாம் தரையில இருக்கும்போதே முடிவாயிடுது. அதுக்குக் கிடைக்கற நேரமும் ரொம்பக் கம்மி. கீழ தாழ்ந்த உடம்பை மேல தள்ளிவிட ஏறக்குறைய 0.3 விநாடிதான் இருக்கு.

அதனால ரெண்டு விஷயம் வேணும். காலுக்கு நிறைய விசை கொடுக்கத் தெரியணும். அந்த விசையை 0.3 விநாடிக்குள்ள கொடுக்கவும் தெரியணும்.

[திரையில்: முழங்கால் வரைபடம். தொடையோட முன்தசை, முட்டிச் சில்லு, அதுக்குக் கீழ தசைநாண் ஒவ்வொண்ணா ஒளிருது.]

இந்தப் படத்தைப் பாருங்க. தொடையோட முன்தசை முட்டிச் சில்லைப் பிடிச்சு இழுக்குது. சில்லுக்குக் கீழ இருக்கற தசைநாண் அந்த இழுப்பைக் கீழ்க்கால் எலும்புக்குக் கடத்துது. மேல எழும்பும்போதும் இதே நாண்தான், கீழ வந்து விழும்போதும் இதே நாண்தான். விழும்போது உடல் எடையைப் போல சில மடங்கு விசை தரையில இருந்து திரும்பி வரும். முட்டிக்குத் தனிப் பயிற்சி, குதிக்கத் தனிப் பயிற்சின்னு நாங்க பிரிக்காததுக்குக் காரணம் இதுதான்.

[திரையில்: ஃபோன் தரையில நிக்குது. ஃபிரேம் ஃபிரேமா நகரும் வீடியோ.]

முதல் வேலை, அளவு எடுக்கறது. ஃபோன்ல ஸ்லோ மோஷனை விநாடிக்கு 240 ஃபிரேம்ல வைங்க. கேமரா பாதத்தோட உயரத்துல, பக்கவாட்டுல இருக்கணும். கால்விரல் தரையை விட்டுப் பிரிஞ்ச முதல் ஃபிரேம்ல இருந்து, திரும்பத் தரையைத் தொட்ட முதல் ஃபிரேம் வரைக்கும் எண்ணுங்க. அதை 240 ஆல வகுத்தா காத்துல இருந்த நேரம் கிடைக்கும். அந்த நேரத்தை அதே எண்ணால ஒரு தடவை பெருக்கி, மறுபடி 122.6 ஆல பெருக்கினா உயரம் சென்டிமீட்டர்ல வந்துடும். 120 ஃபிரேம்னா அரை விநாடி, கிட்டத்தட்ட 31 சென்டிமீட்டர். 144 ஃபிரேம்னா 44.

இதுல ஏமாறவும் வழி இருக்கு. கீழ வரும்போது முட்டியை மடக்கிட்டு வந்தா கால் லேட்டா தரையைத் தொடும், கணக்குல உயரம் பொய்யா ஏறும். அதனால அளக்கும்போது மட்டும் கிளம்பின மாதிரியே காலை நீட்டி, முன்பாதம் தரையைத் தொட்டதும் மடக்குங்க. சுவத்துல சாக்பீஸ் வச்சு அளக்கற பழைய முறையும் நல்லதுதான். ஆனா நின்னு கை தூக்கி முதல் கோடு போடும்போது தோளை முழுசா நீட்டலைன்னா, குதிக்காமலேயே சில சென்டிமீட்டர் கூடிடும்!

[திரையில்: 20 சென்டிமீட்டர் பெட்டி. முன்பக்கக் கோணம்.]

இப்போ தரையிறங்கறது. பெரும்பாலானவங்க தாண்டிப் போயிடற பகுதி இது, நாங்க அதிக நேரம் செலவழிக்கறதும் இதுலதான்.

20ல இருந்து 30 சென்டிமீட்டர் உயரப் பெட்டி மேல நில்லுங்க. குதிக்காதீங்க, ஒரு காலை முன்னால வச்சு அப்படியே இறங்குங்க. ரெண்டு பாதமும் சேர்ந்து தரையைத் தொடணும். முதல்ல முன்பாதம், உடனே குதிகால். இடுப்பு பின்னால போகணும், முட்டி மடங்கணும், அதே நிலையில 3 விநாடி நில்லுங்க. 5 தடவை ஒரு செட், மொத்தம் 3 செட். சத்தத்தைக் கேளுங்க. தொப்புன்னு சத்தம் வந்தா தசை தாங்க வேண்டியதை எலும்பும் மூட்டும் வாங்கிக்குதுன்னு அர்த்தம்.

முன்னால இருந்து வீடியோ எடுத்துப் பாருங்க. முட்டியோட நடுப்பகுதி ரெண்டாவது கால்விரலுக்கு நேரா இருக்கா, இல்ல ரெண்டு முட்டியும் ஒண்ணை ஒண்ணு நோக்கிச் சாயுதா? உள்ள சாயறது ஆபத்தான பழக்கம். யாரும் மோதாமலேயே முட்டிக்குள்ள இருக்கற முன் சிலுவைத் தசைநார் கிழியற சம்பவங்கள்ல இந்த நிலை திரும்பத் திரும்பத் தெரியும்.

சாயறதுக்கு ரெண்டு காரணத்தை முதல்ல சோதிச்சுப் பாருங்க. ஒண்ணு, இடுப்போட பக்கவாட்டுத் தசைக்குப் பலம் போதாம இருக்கறது. இன்னொண்ணு, கணுக்கால் இறுக்கம். கணுக்காலைச் சோதிக்கறது சுலபம். கட்டைவிரல் சுவத்துல இருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். குதிகாலைத் தூக்காம முட்டியால சுவத்தைத் தொடுங்க. தொட முடியலைன்னா கணுக்கால் போதிய அளவு மடங்கலை. அப்போ பாதம் உள்பக்கம் சரியும், பின்னாலயே முட்டியும் சரியும். இதே சோதனையை 12 தடவை, 2 செட், தினமும் பண்ணினா அதுவே பயிற்சி.

ரெண்டு வாரம் முட்டி நேரா நின்னதுக்கு அப்புறம் ஒத்தைக் கால்ல இறங்கலாம். அதுக்குப் பெட்டி 15 சென்டிமீட்டர் போதும்.

[திரையில்: பின்கால் பெஞ்ச் மேல, முன்கால் தரையில. பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட்.]

அடுத்து பலம். ஒரே ஒரு பயிற்சிதான் பண்ண முடியும்னா நாங்க பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட்டைச் சொல்வோம். பின்பாதம் முட்டி உயரத்துக்குக் கீழ இருக்கற பெஞ்ச் மேல. 3 விநாடி எண்ணிக் கீழ போங்க, மேல வரும்போது வேகமா வாங்க. ஒவ்வொரு காலுக்கும் 8 தடவை, 3 செட். முன்கால் பெஞ்சுக்கு ரொம்பக் கிட்ட இருந்தா குதிகால் தூக்கிக்கும். ரொம்பத் தள்ளி இருந்தா பின்காலோட முன்தொடை இழுத்துப் பிடிக்கும். பின்காலால தள்ளி ஏறறதும் அடிக்கடி நடக்கற தப்பு. பின்கால் சமநிலைக்கு மட்டும்தான்.

முட்டி கால்விரலைத் தாண்டக்கூடாதுன்னு சொல்வாங்க. அந்த விதியை விட்டுடுங்க. முட்டியை வலுக்கட்டாயமா பின்னால நிறுத்தினா சுமை இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் மாறும். முட்டி பலப்படணும்னுதானே இதைச் செய்யறோம்? குதிகால் தரையில இருக்கற வரைக்கும் முட்டி முன்னால போகட்டும். இப்போதைக்கு வலி இருக்கறவங்க மட்டும் தற்காலிகமா அந்த அளவைக் குறைச்சுக்கலாம்.

சாதாரண ஸ்குவாட்: முதல் 4 வாரம் 8 தடவை 3 செட். அப்புறம் எடையைக் கூட்டி 5 தடவை 4 செட். இன்னும் ரெண்டு தடவை பண்ண முடியும்கற நிலையில செட்டை நிறுத்துங்க. எல்லா செட்டும் சுத்தமா முடிஞ்சா அடுத்த முறை 2.5 கிலோ கூட்டுங்க.

பின்தொடைக்கு ரொமேனியன் டெட்லிஃப்ட், அதாவது கையில எடையோட இடுப்பைப் பின்னால தள்ளிக் குனிஞ்சு நிமிர்றது, 8 தடவை 3 செட். அதோட நார்டிக் கர்ல். முட்டி போட்டு நிக்கணும், கணுக்காலை ஒருத்தர் அழுத்திப் பிடிக்கணும், உடம்பை வளைக்காம மெதுவா முன்னால சாயணும். தாங்க முடியாத இடத்துல கையை ஊன்றிக்கலாம். முதல் வாரம் 3 தடவை, 2 செட். அதுக்கு மேல போனா மறுநாள் உட்காரவே கஷ்டப்படுவீங்க.

[திரையில்: படிக்கட்டு விளிம்புல முன்பாதம். குதிகால் ஏறி இறங்குது.]

கெண்டைக்காலை யாரும் மதிக்கறது இல்ல. தரையைக் கடைசியா விட்டுப் பிரியறது கணுக்கால்தான், திரும்ப முதல்ல தாங்கறதும் அதுதான். முட்டியை நீட்டி ஒத்தைக் கால்ல 12 தடவை 3 செட். முட்டியைக் கொஞ்சம் மடக்கி இன்னொரு 12 தடவை 3 செட், ஏன்னா மடக்கும்போதுதான் அடியில இருக்கற தசைக்கு முழு வேலை போகும். உச்சியில 2 விநாடி நில்லுங்க, அடியில பந்து மாதிரி துள்ளாதீங்க. தரையில நின்னு ஒத்தைக் கால்ல நிறுத்தாம 20 தடவை ஏற முடியாதவங்க துள்ளல் பயிற்சிக்கு இன்னும் தயார் இல்லைன்னு எடுத்துக்கலாம்.

[திரையில்: சுவத்துல முதுகு சாய்ச்சு, நாற்காலி நிலை. ஓரத்துல கடிகாரம்.]

முட்டிச் சில்லோட கீழ்நுனியில விரல் வச்சு அழுத்தினா வலிக்குதா? குதிச்சு விளையாடறவங்களுக்கு அடிக்கடி வர்ற தசைநாண் வலியா அது இருக்கலாம். இதுக்கு அசையாம தாங்கற பயிற்சி உதவும். சுவத்துல சாய்ஞ்சு, முட்டி சுமார் 60 டிகிரி மடங்கற அளவுக்கு இறங்கி, 45 விநாடி. நடுவுல 2 நிமிஷம் ஓய்வு. மொத்தம் 5 தடவை. கடைசி 10 விநாடி தொடை நடுங்கணும், அவ்வளவு சுமை இல்லைன்னா கையில எடை வச்சுக்கங்க. சிலருக்கு அன்னைக்கே வலி குறையும், எல்லாருக்கும் அப்படி நடக்காது. முழு ஓய்வை மட்டும் நம்பாதீங்க. வலி போயிடும், ஆனா நாணோட தாங்கும் திறனும் சேர்ந்து குறைஞ்சிருக்கும். களத்துக்குத் திரும்பின முதல் வாரமே பழைய வலி வந்து நிக்கும்.

[திரையில்: கை வீச்சோட ஒரு குதி, கை இல்லாம ஒரு குதி. ரெண்டும் அருகருகே.]

5ஆவது வாரத்துல இருந்து உண்மையான குதி. கீழ தாழறது வேகமா இருக்கணும், தாழ்ந்த இடத்துல தங்கக்கூடாது. தாழும்போது தசையும் நாணும் இழுபடும், அதுல சேர்ற சக்தி மேல எழும்பும்போது திரும்பக் கிடைக்கும். அரை விநாடி தங்கினாக்கூட அதுல ஒரு பகுதி வீணாகும். தாழும்போது கை பின்னால, எழும்பும்போது முன்னால வந்து மேல. கை வீச்சு மட்டுமே உயரத்துல 10 சதவீதம் அல்லது அதுக்கு மேலயும் சேர்க்கும்.

4 குதி ஒரு செட், 4 செட், நடுவுல 2ல இருந்து 3 நிமிஷம் ஓய்வு. ஒவ்வொண்ணும் முழு பலத்தோட. உயரம் குறையறது கண்ணுக்குத் தெரிஞ்சா அன்னைக்கு அதோட முடிச்சுடுங்க. மூச்சு வாங்க நூறு குதி குதிக்கறது தெம்பைக் கூட்டும், உயரத்தைக் கூட்டாது.

கூடவே, முட்டியை மடக்காம கணுக்காலால மட்டும் துள்ளற போகோ ஜம்ப், 10 தடவை 3 செட்.

உயரமான பெட்டி மேல தாவற வீடியோக்களைப் பார்த்து ஏமாறாதீங்க. முட்டியை நெஞ்சு வரைக்கும் மடக்கத் தெரிஞ்சவர் உயரப் பெட்டி ஏறிடுவார், அதனால அவர் இடுப்பு அதிகம் உயர்ந்ததுன்னு ஆகாது. தவறினா கீழ்க்கால் எலும்பு பெட்டி விளிம்புல மோதும்.

9ஆவது வாரத்துல டெப்த் ஜம்ப். சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி 1960கள்ல முறைப்படுத்தின பயிற்சி இது. 30 சென்டிமீட்டர் பெட்டியில இருந்து இறங்கி, தரையைத் தொட்ட உடனே மேல குதிக்கணும். 4 தடவை 3 செட். தரையில இருக்கற நேரம் கால் விநாடிக்குள்ள இருக்கணும், அதாவது உங்க ஃபோன்ல 60 ஃபிரேமுக்குள்ள. அதைத் தாண்டினாலோ குதிகால் தரையில அடிச்சாலோ பெட்டியைத் தாழ்த்துங்க. பெட்டி உயரத்தைக் கூட்டி ஆகணும்னு ஆசைப்படறவங்கதான் முதல்ல முட்டியைப் பிடிச்சுட்டு உட்கார்றாங்க.

[திரையில்: வார அட்டவணை.]

வாரத்துல 2 நாள் குதி, 2 நாள் பலப் பயிற்சி. ஒரே நாள்ல ரெண்டும் வந்தா குதி முதல்ல. ரெண்டு குதி நாளுக்கு நடுவுல குறைஞ்சது 48 மணி நேரம். ஒரு நாள்ல மொத்தக் குதிகளை 40ல ஆரம்பிச்சு மெல்லக் கூட்டுங்க, முதல் 12 வாரத்துல 100ஐத் தாண்ட வேண்டாம். வாலிபாலோ பாஸ்கெட்பாலோ விளையாடறீங்கன்னா அங்க குதிக்கறதும் இந்தக் கணக்குல சேரும். இதை மறந்துட்டுத்தான் பல பேர் ஒரே வாரத்துல சுமையை ரெண்டு மடங்கு ஆக்கிடறாங்க. வார்ம்-அப் 8 நிமிஷம் போதும். ஒரு நிமிஷத்துக்கு மேல ஒரே தசையை இழுத்துப் பிடிக்கற ஸ்ட்ரெச்சிங்கை குதிக்கு அப்புறம் வச்சுக்கங்க, முன்னால பண்ணினா பாய்ச்சல் கொஞ்சம் குறையும்.

வலிக்கு ஒரு அளவுகோல். பயிற்சி நடக்கும்போது 10க்கு 3 வரைக்கும் வலி வந்தா தொடரலாம். மறுநாள் காலையில 15 சென்டிமீட்டர் படியில இருந்து ஒத்தைக் கால்ல மெதுவா இறங்கிப் பாருங்க. முந்தைய நாளைவிட வலி கூடியிருந்தா அடுத்த தடவை குதிகளைப் பாதியாக்குங்க. வளர்ற வயசுப் பிள்ளைங்களுக்கு சில்லுக்குக் கீழ, எலும்புல புடைப்போட வலி வந்தா அது ஆஸ்குட்-ஷ்லாட்டர்ங்கற முட்டிப் பிரச்சினையா இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டுங்க, குதியைக் குறைங்க. முட்டியில 'டப்'புனு சத்தம் கேட்டு சில மணி நேரத்துல வீங்கினா, பாதியில பூட்டிக்கிட்டா, நடக்கும்போது சட்டுனு விட்டுக் கொடுத்தா, பயிற்சியை நிறுத்திட்டு உடனே எலும்பு டாக்டரைப் பாருங்க.

[திரையில்: முதல் நாள் வீடியோவும் 12ஆவது வார வீடியோவும் பக்கத்துல பக்கத்துல.]

12ஆவது வாரம் எடையும் குதியும் பாதி. கடைசியில அதே ஷூ, அதே தரை, அதே கேமரா இடத்துல 3 தடவை குதிச்சு சிறந்ததை எடுத்துக்கங்க. ஒரு ஃபிரேம் வித்தியாசம் அரை சென்டிமீட்டர்தான், அது எண்ணும்போது வர்ற பிழையாவும் இருக்கலாம். 4 ஃபிரேம் கூடியிருந்தா சுமார் 2 சென்டிமீட்டர் நிஜமாவே ஏறியிருக்கு. எண் நகரவே இல்லைன்னா ஸ்குவாட் எடையைப் பாருங்க. அதுவும் நகரலைன்னா இன்னொரு 8 வாரம் பலத்துக்கே கொடுங்க, டெப்த் ஜம்ப் வேண்டாம். எடை நல்லா ஏறியும் குதி ஏறலைன்னா, பலப் பயிற்சியை வாரத்துக்கு ஒரு நாளாக்கிட்டு, குதிக்கு முழு ஓய்வோட மூணாவது நாள் ஒண்ணு சேருங்க.