வயர் வாங்கும் முன் மெஷின் கதவைத் திறந்து பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

திருச்சிக்காரர்களுக்கு வெல்டிங் பற்றிப் பேசுவது, திருநெல்வேலிக்காரர்களுக்கு அல்வா கிண்டக் கற்றுக்கொடுப்பதைப் போன்றது. பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975இல் தொடங்கப்பட்டது இந்த ஊரில்தான். ஆனால் அண்மைக் காலமாக என்னிடம் சந்தேகம் கேட்டு வருகிறவர்கள் பட்டறைக்காரர்கள் அல்லர். வீட்டில் ஒரு சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு, மாடிக் கைப்பிடியையும் தோட்டத்து கேட்டையும் தாங்களே பற்றவைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள். அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "சார், கேஸ் இல்லாமல் ஓடுமாமே, அந்த ஃப்ளக்ஸ் கோர் வயர், அதில் எதை வாங்குவது?"

நமக்குப் பழக்கமான பன்னிரண்டு கேஜ் வெல்டிங் ராடில், ஃப்ளக்ஸ் என்கிற காப்புப் பொடி வெளியே பூசியிருக்கும், பஜ்ஜிக்கு மாவு போல. ஃப்ளக்ஸ் கோர் வயர் கொழுக்கட்டை. மெல்லிய இரும்புக் குழலுக்குள் பூரணமாகப் பொடியை அடைத்திருப்பார்கள். அந்தப் பொடி எரிந்து தானே புகை மண்டலத்தை உண்டாக்கி, உருகும் இரும்பைக் காற்று தீண்டாமல் காக்கிறது. மேலே கசடாகவும் மூடிக்கொள்கிறது. இந்தக் காவல் வேலைக்குச் சிலிண்டரிலிருந்து கேஸ் விட்டு வெல்டிங் செய்தால் மொட்டை மாடிக் காற்று கேஸை அடித்துக்கொண்டு போய்விடும். அம்மி பறக்கிற ஆடிக் காற்றிலும் இந்த வயர் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இதை வாங்குவதற்கு என்னைக் கேட்டால் அது ஒன்றே போதுமான காரணம். ஆண்டுக்கு இரண்டு முறைதான் மெஷினைத் தொடுவீர்கள் என்றால் ராடே போதும், வீண் செலவு வேண்டாம்.

இப்போது ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். வானொலியில் படம் காட்ட முடியாது, மெதுவாகவே சொல்கிறேன். சுருளின் மேல் இ-71-டி என்று ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருக்கும். 7 என்பது வலிமை: சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவையைத் தாங்கும். அடுத்த 1, படுக்கை, செங்குத்து, தலைக்கு மேல் என எந்த நிலையிலும் வைக்கலாம் என்பதைச் சொல்கிறது. டி என்றால் குழல் வயர். இவை எல்லாச் சுருளிலும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் ஏமாற இடம் தருகின்றன. நாம் பார்க்க வேண்டியது டி-க்குப் பின்னால் வருவதை.

ஜிஎஸ் என்றோ 11 என்றோ இருந்தால் கேஸ் வேண்டாம். வெறும் 1 என்றோ, 1சி, 1எம் என்றோ இருந்தால் அது கேஸோடு ஓட வேண்டிய வயர். சி கார்பன் டை ஆக்சைடைக் குறிக்கிறது; எம் கலப்பு வாயுவை. அதுவும் ஃப்ளக்ஸ் கோர் வயர்தான் என்பதால் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததில் பொய் இல்லை.

இதை நான் அனுபவித்தே கற்றேன். விலை சற்றுக் குறைவாக இருக்கிறதே என்று 5 கிலோ சுருள் ஒன்றை அட்டையைப் படிக்காமலே வாங்கி வந்தேன். வைத்த வெல்டிங் கோடெல்லாம் ஆப்பத்தின் நடுப்பகுதி போலப் பொத்தல் பொத்தலாக வந்தது. மின்னழுத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன், இரும்பைத் தேய்த்தேன். முப்பது ஆண்டு ராடு பிடித்த கைக்கு ஒரு சின்ன மெஷின் அடங்கவில்லையே என்று இரண்டு நாள் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைப் படித்தேன்.

ஜிஎஸ்ஸா, 11ஆ? ஜிஎஸ் ஒரே ஒரு கோடு மட்டும் வைப்பதற்கானது. அதன் மேலேயே இரண்டாவது, மூன்றாவது அடுக்கு வைத்தால், அடி இரும்போடு கலந்து நீர்த்துப்போக வேண்டிய சரக்குகள் சேர்ந்துகொண்டே போய் இணைப்பு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பூந்தொட்டி ஸ்டாண்டுக்கு அது போதும். மனிதர் ஏறுகிற படிக்கும் ஊஞ்சல் கொக்கிக்கும் 11 வாங்குங்கள். அதிலும் ஊஞ்சல் கொக்கியைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது.

வயரைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே மாட்டிவிடாதீர்கள். மெஷினின் பக்கக் கதவைத் திறந்தால் பிளஸ், மைனஸ் முனைகள் தெரியும். கேஸோடு ஓடும் சாதாரணக் கம்பிக்கு டார்ச், அதாவது வயர் வெளியே வரும் கைப்பிடி, பிளஸில் இருக்கும். ஜிஎஸ், 11 இரண்டுக்கும் டார்ச் மைனஸில், இரும்பைக் கவ்வும் எர்த் கிளாம்ப் பிளஸில். இதை மாற்ற மறந்துவிட்டால் தீப்பொறி தெறித்துச் சட்டையைப் பொத்தலாக்கும். கோடு இரும்புக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருக்கும். பழி வயர் மீது விழும்.

அதே கதவுக்குள் வயரைத் தள்ளும் உருளையையும் பாருங்கள். இந்த வயருக்குப் பல் வெட்டிய உருளைதான் பொருத்தம். திருகை இறுக்கித் தள்ளினால் குழல் நசுங்கும், பொடி சிந்தும், வழி அடைத்துக்கொள்ளும்.

பருமனில் குழப்பம் அதிகம் இல்லை. கேட்டுக்கும் ஜன்னலுக்கும் வருகிற பதினாறு கேஜ் சதுரக் குழாய்க்கு 0.8 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் ஆங்கிளுக்கும் அதற்கு மேலும் 0.9 அல்லது 1.0. பதினெட்டு கேஜ் என்றால் கோடு இழுக்காமல் புள்ளி புள்ளியாக வையுங்கள். அதைவிட மெல்லிய தகரத்துக்கு இந்த வயரே வேண்டாம், ஓட்டைதான் மிஞ்சும்.

எத்தனை கிலோ? கணக்குப் போட்டால் 5 கிலோ சுருள் மலிவு. ஆனால் ஐப்பசி அடைமழையில் பாதிச் சுருள் மெஷினுக்குள்ளேயே கிடந்தால் துருப்பிடிக்கும்; குழலின் மடிப்பு வழியாக ஈரம் பொடிக்குள் போய், கோட்டில் புழு ஊர்ந்த தடம் போல வரும். வீட்டுக்கு 1 கிலோ சுருள் போதும். வேலை முடிந்ததும் கழற்றி, புதுச் செருப்புப் பெட்டியில் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதோடு சேர்த்து இறுக மூடும் டப்பாவில் போட்டு வையுங்கள்.

இந்த வயர் புகையை வாரி இறைக்கும். கதவடைத்த அறையில் வேண்டாம். ஜி.ஐ. குழாயாக இருந்தால் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரில் தேய்த்து எடுத்துவிட்டுப் பற்றவையுங்கள். இல்லையென்றால் இரவில் குளிர்காய்ச்சல் வந்து உடம்பு நடுங்கும்.

அந்த 5 கிலோ சுருள் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்கக்கூடும். பிரித்த சரக்கைத் திருப்பிக் கொடுக்க வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டு முல்லைப் பந்தலில் இப்போது கட்டுக்கம்பியாக இருப்பது அதுதான். வணக்கம்.