இறால் குளத்து நீரில் ஒரு கிராஃபீன் சென்சார்

நேயர்களுக்கு வணக்கம். இந்த ராமநாதபுரம் கடற்கரையில் வனாமி இறால் வளர்ப்பவர்களுக்கு, குளத்து நீரில் சேரும் நச்சான நைட்ரைட் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மிஞ்சிய தீவனமும் கழிவும் அம்மோனியாவாகும். பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளத்து உப்பு குறைந்தால் அதே அளவு நைட்ரைட் இறாலைக் கூடுதலாக வாட்டும். உப்பிலுள்ள குளோரைடுதான் அதுவரை நைட்ரைட்டைச் செவுள் வழியே அதிகம் நுழையவிடாமல் மறித்திருக்கும்.

சோதனைக் குப்பியில் நீரின் நிறம் பார்த்து நைட்ரைட்டை ஊகிக்காமல் குளக்கரையிலேயே எண்ணாகப் படிக்க மின்வேதி சென்சார் உதவும். அதற்கான பொருளைச் செய்யும் விதத்தைச் சொல்கிறேன்.

கிராஃபைட் தூளை அடர் கந்தக அமிலத்தில் போட்டு, பனிக்கட்டிக்குள் வைத்துக் குளிர்வித்தபடி, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். 1958-இல் ஹம்மர்ஸும் ஆஃப்மனும் வெளியிட்ட முறை இதற்கு அடிப்படை. அவசரப்பட்டுக் கொட்டினால் சூடேறி வெடிக்கவும் கூடும். மாணவர்கள் இதை மறக்கவே கூடாது. கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியதும் கலவை மஞ்சளாகும். கழுவி எடுத்தால் கிராஃபீன் ஆக்சைடு, அதாவது ஆக்சிஜன் ஒட்டிய மெல்லிய கார்பன் தாள்கள். அப்புறம் அதை நீரில் பரப்பி, கோபால்ட் உப்பும் காரமும் சேர்த்து, டெஃப்லான் உறையிட்ட ஆட்டோகிளேவ் எனும் இறுக மூடிய அழுத்தக் கலனில் 180 டிகிரி செல்சியஸில் ஒரு ராத்திரி வைத்தால் பழுப்பு கறுப்பாகிவிடும். ஆக்சிஜனில் பெரும்பகுதியை இழந்த தாள்கள் மின்சாரம் கடத்தும். அவற்றின்மேல் கோபால்ட் ஆக்சைடு நானோத் துகள்கள் ஒட்டியிருக்கும்.

கிராஃபீன் தாள்கள் தனியாக உலர்ந்தால் ஈர அப்பளம்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கோபால்ட் ஆக்சைடு தனியாக இருந்தால் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, திரண்டும் விடும். சேர்ந்திருந்தால் துகள்கள் தாள்களை விலக்கி வைக்கும், தாள்கள் எலக்ட்ரான்களுக்கு வழிவிடும்.

இந்தக் கூட்டுப்பொருளை நீரில் பரப்பி, சில மைக்ரோலிட்டரை மின்முனையில் சொட்டி உலர்த்தி, மின்னழுத்தத்தை ஏற்றினால் நைட்ரைட் எலக்ட்ரான்களை இழந்து நைட்ரேட்டாகும். அப்போது ஓடும் மின்னோட்டத்தை வைத்து அளவைக் கணக்கிடலாம்.

எனக்கு வருத்தம் ஒன்றுதான். ஆய்வகத்தின் தூய பாஸ்பேட் கரைசலில் நைட்ரைட்டுக்கு ஏற்ப மின்னோட்டம் ஏறி, வரைபடத்தில் நேர்கோடு கிடைத்ததும் வேலை முடிந்ததென்று நினைத்துவிடுகிறோம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு. நாம் தேடும் நைட்ரைட்டோ மில்லிகிராம் கணக்கு. மின்னழுத்தம் ஏறினால் குளோரைடும் வினைபுரிந்து நைட்ரைட்டின் சிக்னலை மறைக்கும். குறைந்த மின்னழுத்தத்திலேயே நைட்ரைட்டை வினைபுரிய வைக்கும் ஆக்சைடுதான் நமக்கு வேண்டும். பாசியும் பிசுக்கும் மின்முனையில் படிவது வேறு.

மின்வேதியியலுக்குக் காரைக்குடியிலும், கடல் மீன்வளத்துக்கு மண்டபத்திலும் மத்திய ஆராய்ச்சி நிலையங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. மாணவர்கள் சித்திரை வெயிலில் ஒரு முறையும், கார்த்திகை மழைக்குப் பின் ஒரு முறையும் குளத்து நீரை எடுத்து வாருங்கள். தெரிந்த அளவு நைட்ரைட்டை அதில் கலந்து, சென்சார் காட்டும் எண் அதே அளவு ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் அதையும் மறைக்காமல் ஆய்வேட்டில் எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.