ப்ராசஸர் சூடு: ஏறுகிற வேகத்தைக் கவனியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். “அண்ணாச்சி, சிஸ்டம் கொதிக்கு. பெரிய கூலர் வாங்கிப் போடணுமோ?” பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் செய்த கல்லூரிப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் கேட்பார்கள். கூலர் என்பது கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கி வெளியேற்றுகிற தகடும் ஃபேனும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சூடு எப்படி ஏறுகிறது? சட்டென்றா, மெதுவாகவா?

அதற்கு முன்னால் நம்ம ஊர்க் கணக்கு ஒன்று. எவ்வளவு பெரிய கூலரானாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக ப்ராசஸரை வைக்க அதனால் முடியாது. அறை பத்து டிகிரி கூடினால் ப்ராசஸரும் ஏறக்குறைய பத்து டிகிரி கூடும். கத்தரி வெயிலில் பாளையங்கோட்டை வெளியே 38, 39 டிகிரி. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையில் தளம் வாங்கின சூடு ராத்திரியிலும் இறங்காது. அங்கே சும்மா இருக்கிற கம்ப்யூட்டர் 50 டிகிரி காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை. குளிர்நாட்டுக்காரர் வீடியோவில் 32 காட்டுகிறாரே என்று ஒப்பிட வேண்டாம்.

இன்டெல் ப்ராசஸர்கள் பலவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. அதைத் தொட்டால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். ஆகவே எரிந்துபோகுமோ என்ற கவலை வேண்டாம். கேம் நடுவில் திணறுகிறதே, அதுதான் உண்மையான தொல்லை.

சரி, சோதனைக்கு வருவோம். ப்ராசஸரின் சூட்டைக் காட்டுகிற கோர் டெம்ப் மாதிரி ஒரு சின்ன மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு கனமான வேலை ஒன்றைக் கொடுங்கள். நாலைந்து விநாடியிலேயே 95க்குத் தாவினால், பெரும்பாலும் கூலர் ப்ராசஸரின் மேல் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியவர்கள் உண்டு. இன்டெல்லோடு வருகிற கூலராக இருந்தால் நாலு மூலையிலும் அழுத்துகிற பின் இருக்கும். அதில் மூன்று உட்கார்ந்து ஒன்று தூக்கிக்கொண்டிருக்கும். மேலே பார்த்தால் தெரியாது. ப்ராசஸர் உட்காருகிற மதர்போர்டின் பின்பக்கம் நாலு காலும் முழுசாக வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். மாட்டும்போது எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும், சுற்றி வரக் கூடாது. கழற்றி மாட்டினால் ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வையுங்கள். ஏஎம்4 என்ற பழைய சாக்கெட்டில் உட்காரும் ரைசன் என்றால் கொஞ்ச நேரம் ஓட்டி, பேஸ்ட் இளகின பிறகு கரண்ட் இணைப்பை எடுத்துவிட்டு, கூலரை லேசாகத் திருகி எடுங்கள். நேரே இழுத்தால் ப்ராசஸரும் சேர்ந்து வந்து அடியில் உள்ள பின்கள் வளைந்துவிடும்.

மெதுவாக, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் ஏறினால் அது காற்றின் கோளாறு. கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே வேலையைக் கொடுங்கள். நன்றாகக் குறைந்தால் உள்ளே காற்று வந்துபோக வழியில்லை. முன்னால் முழுக் கண்ணாடி வைத்த கேபினட்டை அழகுக்கு வாங்குகிறோம், காற்று எங்கே நுழையும்? சில வீடுகளில் அதையும் கம்ப்யூட்டர் மேசையின் கதவு வைத்த அறைக்குள் தள்ளி மூடிவிடுகிறார்கள். ஃபேன் திசையையும் பாருங்கள்: மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டம் உள்ள பக்கமாகத்தான் காற்று வெளியேறும். முன்னால் உள்ளே, பின்னால் வெளியே, அவ்வளவுதான்.

ஆனி, ஆடிக் காற்று நமக்கென்று ஒரு கூடுதல் வேலை வைக்கிறது. சாரல் குற்றாலம், தென்காசியோடு நின்றுவிடும். இந்தப் பக்கம் வருவது காற்றும் புழுதியும்தான். கூலர் ஃபேன் மேலே சுத்தமாகத் தெரியும். அதைக் கழற்றினால் அடியில் அலுமினியத் தகடுகளின் மேல் சாம்பல் நிறக் கம்பளம் விரித்த மாதிரி தூசி படிந்திருக்கும். ஆடி முடிந்ததும் ஒரு தடவை எடுத்துவிடுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் கெட்டுவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சூடு குறையவில்லையா? பயாஸுக்குள், அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கிற மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள் போய், ப்ராசஸர் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்ற வரம்பைப் பாருங்கள். இன்டெல் ஐ5 12400 ப்ராசஸரின் பெட்டியில் 65 வாட் என்றுதான் இருக்கும், வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் டர்போவில் 117 வரை போகும். சில மதர்போர்டுகள் அந்த வரம்பையும் தாமாகவே எடுத்துவிடுகின்றன. அதைத் திரும்பப் போட்டால் சூடு நன்றாகவே இறங்கும், வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ரைசனில் மின்சாரத்தைக் குறைக்க ஈகோ மோட் என்ற அமைப்பு இருக்கிறது. ரைசன் 7000இன் எக்ஸ் மாடல்கள் முழு வேலையில் 95ஐத் தொடும்படியே செய்யப்பட்டவை, சட்டென்று ஏறினாலும் கூலரைச் சந்தேகப்பட வேண்டாம்.

பெரிய கூலரைப் பற்றி இதற்கப்புறம் யோசிக்கலாம். வாங்கும் முன் கேபினட்டின் அகலத்தை மட்டும் அளந்துகொள்ளுங்கள், கதவு மூட வேண்டுமே.

நன்றி, வணக்கம்.