சந்தைத் திடலின் தண்ணீர்த் தொட்டி

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தில் ஏவான் ஆற்றங்கரையில் உள்ள ஸ்ட்ராட்ஃபோர்ட் என்னும் சிறிய ஊரை, ஷேக்ஸ்பியர் பிறந்த இடமாகவே நாம் அறிவோம். அவ்வூரின் சந்தைத் திடலில் மணிக்கூண்டோடு சேர்த்துக் கட்டப்பட்ட குடிநீர் ஊற்றும், குதிரைகளுக்கான தண்ணீர்த் தொட்டிகளும் இருக்கின்றன. இன்றைய உரை அவற்றைப் பற்றியது.

இக்கட்டடம் 1887இல் எழுந்த காரணத்தை அறிய, சில பத்தாண்டுகள் பின்னே போக வேண்டும். 1854இல் லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, பொதுக் கைப்பம்பு ஒன்றின் தண்ணீரே நோய்க்குக் காரணம் என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். தெருவில் கிடைத்த தண்ணீரை நம்பிக் குடிக்க முடியாத ஏழைத் தொழிலாளிக்கு மதுக்கடையே கதி என்றிருந்த காலம் அது. லிவர்பூலில் சார்லஸ் மெல்லி என்பவர் இலவசக் குடிநீர் ஊற்றுகளை அமைத்துக் காட்டினார். அதைப் பின்பற்றி 1859இல் சாமுவேல் கர்னி லண்டனில் இலவசக் குடிநீர் ஊற்றுகளுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு ஏப்ரல் 21 அன்று, புனித செபல்கர் தேவாலயத்தின் சுற்றுச்சுவரில் சங்கத்தின் முதல் ஊற்று திறக்கப்பட்டது. சங்கிலியில் பிணைத்த குவளைகளும், குடித்தபின் குவளையை அதன் இடத்தில் வைக்கும்படி சொல்லும் கல்லெழுத்தும் அங்கே இன்றும் உள்ளன. ஊற்றின் அழகைவிட, தண்ணீர் வடிகட்டப்பட்டுத் தூயதாக இருக்க வேண்டும் என்று சங்கம் விதித்த நிபந்தனையையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

வாயில்லா ஜீவன்களின் தாகமும் விரைவிலேயே கணக்கில் வந்தது. மதுக்கடை வாசலில் இருந்த தொட்டியில் குதிரைக்குத் தண்ணீர் காட்ட வேண்டுமானால், வண்டிக்காரர் காசு கொடுக்க வேண்டும் அல்லது உள்ளே போய்க் குடிக்க வேண்டும் என்பது பல இடங்களில் வழக்கம். 1867இல் சங்கம் தன் பெயரிலேயே கால்நடைத் தொட்டியையும் சேர்த்துக்கொண்டது. மரத்திலும் இரும்பிலும் செய்த தொட்டிகள் வண்டிச் சக்கரம் இடித்துச் சிதைந்ததால், பின்னர் நீண்ட கருங்கல் தொட்டிகள் வந்தன. மேலே குதிரைக்குப் பெரிய தொட்டி. நாய்க்கும் ஆட்டுக்கும் எட்டும்படி தரையை ஒட்டிச் சிறிய தொட்டி. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள், விலங்கு எப்படிக் குனிந்து குடிக்கிறது என்பதை அருகில் நின்று பார்த்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும்.

விக்டோரியா அரசி அரியணை ஏறிய பொன்விழா 1887இல் வந்தபோது, பல சிற்றூர்கள் நினைவுச் சின்னமாகக் குடிநீர் ஊற்றுகளையே தேர்ந்தெடுத்தன. ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு அந்தக் கொடையை அளித்தவர் பிலடெல்பியாவின் செய்தித்தாள் அதிபர் ஜார்ஜ் சைல்ட்ஸ். ஆகவே அதற்கு அமெரிக்க ஊற்று என்றே பெயர். அக்டோபர் 17 அன்று நடிகர் ஹென்றி இர்விங் அதைத் திறந்துவைத்தார். பிரிட்டனின் சிங்கமும் அமெரிக்காவின் கழுகும் அதில் செதுக்கப்பட்டுள்ளன. நேர்மையான தண்ணீர் எவரையும் சேற்றில் தள்ளியதில்லை என்னும் பொருளில் ஷேக்ஸ்பியரின் ‘டைமன்’ நாடக வரி ஒன்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. மதுவிலக்கு இயக்கம் வலுத்திருந்த காலத்தில் அவ்வரி எவருக்குச் சொல்லப்பட்டது என்பதை ஊரார் உடனே உணர்ந்திருப்பார்கள்.

பலர் வாய் வைத்த குவளை நோயைப் பரப்பும் என்ற அறிவு வளர்ந்ததும் சங்கிலிக் குவளைகள் பயன்பாட்டிலிருந்து மறைந்தன. மோட்டார் வண்டி குதிரையைச் சாலையிலிருந்து அகற்றியபின், 1930களில் சங்கம் தொட்டி கட்டுவதை நிறுத்தியது. எஞ்சிய கருங்கல் தொட்டிகள் பலவற்றில் இப்போது மண் நிரப்பிப் பூச்செடி வளர்க்கிறார்கள். கல் காப்பாற்றப்பட்டதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் வெயிலில் நடந்து வருபவருக்கும் தெரு நாய்க்கும் அதன் அருகில் ஒரு குழாயாவது திறந்திருக்க வேண்டும் என்று ஊராட்சி மன்றங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.