ஜன்னலில் கேட்கும் கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். வளரும் நாடுகள் நியாயமான நாடுகளாக மாறுவதில் சமூகக் கொள்கையின் பங்கு என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதும் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. அதனால் கொள்கையை அப்புறம் பார்ப்போம், முதலில் ஒரு ஜன்னலைப் பார்ப்போம்.

அரசு அலுவலக ஜன்னல். வெளியே ஒரு பெண்மணி, கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் அடையாள அட்டை, கணவரின் இறப்புச் சான்றிதழ், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். வருமானச் சான்றிதழில் கையெழுத்து இருக்கிறது, முத்திரை இல்லை. "போய் வாங்கிட்டு நாளைக்கு வாங்க." நாளைக்கு வந்தால் இன்னொரு நாள் கூலி போச்சு. இந்த ஜன்னல் எத்தனையோ நாடுகளில் இருக்கிறது, பேசுகிற மொழி மட்டும்தான் வேறு. ஏழை என்று நிரூபிக்கிற வேலையை ஏழையின் தலையிலேயே கட்டுகிற ஜன்னல்.

என் கட்சி இதுதான்: யார் ஏழை என்று சலித்துக்கொண்டே இருக்காதீர்கள், அரசு உதவியை எல்லாருக்கும் கொடுங்கள்.

உடனே ஒரு கேள்வி வரும், "பணக்காரனுக்கு எதற்கு?" நியாயமான கேள்விதான். அவனிடம் வரியாக வாங்கிக்கொள்ளலாம் என்பது என் பதில். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. மாதச் சம்பளக்காரரின் வருமானம் காகிதத்தில் இருக்கிறது. இரண்டு நாள் வேலை, மூன்று நாள் சும்மா என்று வாழ்கிறவரின் வருமானத்தை எந்த அதிகாரி எப்படி அளப்பார்? வளரும் நாடுகளில் பெரும்பாலானோர் இந்த இரண்டாவது வகை. அளக்க முடியாததை அளக்கப் போனால், ஆள் தெரிந்தவர் உள்ளே வருவார், தெரியாதவர் வெளியே நிற்பார்.

தாய்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழைகளுக்கு மட்டும் இலவச வைத்தியம் என்ற திட்டம் அங்கே 1975லேயே வந்துவிட்டது. கால் நூற்றாண்டு ஓடியும் கோடிக்கணக்கானவர்கள் எந்தத் திட்டத்திலும் சேராமல்தான் இருந்தார்கள். 2002இல், வேறு காப்பீடு இல்லாத எல்லாருக்கும் என்று கதவைத் திறந்தார்கள், ஒரு தடவை போனால் அந்த ஊர்ப் பணத்தில் 30 பாட், செலவு பொது வரியிலிருந்து. அது ஒரே நாளில் நடந்த மாயமில்லை. அதற்கு முன்பே மாவட்ட மருத்துவமனைகளைக் கட்டி, படித்து முடித்த மருத்துவர்களைக் கட்டாயமாகக் கிராமப் பக்கம் அனுப்பியிருந்தார்கள். மருத்துவமனை இல்லாத இடத்தில் அட்டை மட்டும் கொடுத்து என்ன பயன்?

அடுத்தது இலங்கை. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய கூப்பன் அரிசி, அதாவது அரசு மானிய விலையில் கொடுத்த ரேஷன் அரிசி, கிட்டத்தட்ட எல்லா வீட்டு அடுப்பிலும் வெந்தது. 1953இல் அரசு அதன் விலையை ஒரேயடியாக ஏற்றியது. ஆகஸ்டில் ஹர்த்தால். நாடே ஸ்தம்பித்தது, சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். அரிசிக்காக ஒரு பிரதமர் போனார்! இப்போது 1979க்கு வாருங்கள். அதற்கு முந்தைய வருடமே கூப்பன் அரிசியைப் பாதிப் பேருக்கு என்று சுருக்கிவிட்டார்கள், இப்போது அரிசிக்குப் பதில் ஏழைகளுக்கு உணவு முத்திரை, அதாவது கடையில் கொடுத்துச் சாப்பாட்டுச் சாமான் வாங்கும் சீட்டு, அதில் அச்சடித்த ரூபாய் மாறாது. விலைவாசி ஏறிக்கொண்டே போக, சில வருடங்களிலேயே அந்த முத்திரை வாங்கக்கூடிய அரிசி ஏறக்குறைய பாதியாகிவிட்டது. யாரும் ராஜினாமா செய்யவில்லை. ஏன்? என் கணிப்பு, குரல் எழுப்பக்கூடிய வாத்தியாரும் குமாஸ்தாவும் அந்த வரிசையிலேயே இல்லை. ஏழை மட்டும் நிற்கிற வரிசை நகராவிட்டால் யாருக்கும் உறைப்பதில்லை.

சரி, பணம்? இலங்கையின் அரிசி மானியம் பட்ஜெட்டைத் தின்றது, அதை மறைக்க மாட்டேன். வரி வசூலிக்கத் தைரியமில்லாத அரசு எல்லாருக்கும் எதையும் ரொம்ப நாள் கொடுக்க முடியாது. மெக்சிகோ 1997லும் பிரேசில் 2003லும் தேர்ந்தெடுத்த குடும்பங்களுக்கு மட்டும், பெரும்பாலும் அம்மாவின் பெயரில், பணம் கொடுத்துப் பலன் கண்டதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பிரேசிலில் 1988 அரசியலமைப்பு மருத்துவத்தை எல்லாருக்குமான உரிமை என்று எழுதிவிட்டது. அந்தத் தரையின் மேல்தான் இந்தப் பணம் வந்து விழுந்தது.

பணக்கார நாடானால்தான் முடியும் என்கிறவர்களுக்கு லெசோத்தோ. தென்னாப்பிரிக்கா நாலு பக்கமும் சூழ்ந்த சின்ன மலைநாடு, ஏழை நாடு, எய்ட்ஸ் ஒரு தலைமுறையையே வாரிக்கொண்டு போன நாடு. 2004இல், வேறு அரசு ஓய்வூதியம் வாங்காத, 70 வயதான எல்லாருக்கும் அந்த நாட்டுப் பணத்தில் மாதம் 150 மலோட்டி ஓய்வூதியம். தபால் ஆபீஸில் வாங்கிக்கொண்டு போன பாட்டிகளில் பலர், பெற்றோரை இழந்த பேரப்பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூடச் சாமான்களுக்கும் அதைச் செலவழித்தார்கள். உன் பிள்ளை என்ன சம்பாதிக்கிறான், வீட்டில் எத்தனை மாடு என்று எவரும் துருவவில்லை. முக்கியமாகக் கேட்டது ஒன்றுதான்: "பாட்டி, உங்களுக்கு என்ன வயசு?"