ஹோட்டன் சமவெளிக்கு எத்தனை மணிக்குப் போகவேண்டும்? உங்கள் சந்தேகங்களுக்கு விளக்கம்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தங்கச்சி கேள்வி அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன். "அண்ணா, ஏப்ரல் லீவுக்கு வேன் பிடித்து நுவரெலியா வருகிறோம். மொத்தம் 13 பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி. சின்னவர்கள் இரண்டு பேர். ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு பார்க்க வேண்டும். காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு 9 மணிக்கு வெளிக்கிட்டால் சரிவருமா? அம்மாவால் நடக்க முடியுமா? சிறுத்தை இருக்கிறதாமே, பயமில்லையா? தம்பி கிரிகல்பொத்த மலை ஏற வேண்டும் என்று நிற்கிறான்."

தங்கச்சி, 9 மணி சரிவராது. ஒரு தடவை எங்கள் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நானும் அப்படித்தான் போனேன். ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்து, படம் எடுத்து, உலக முடிவுக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. முன்னால் வெள்ளைச் சீலை கட்டிவிட்ட மாதிரி இருந்தது. மாமா ஒருவர் "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் நடத்திக் கூட்டி வந்தாய்?" என்று கேட்டார். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அதையே கேட்கிறார்.

ஏன் இப்படி என்றால், உலக முடிவு ஒரு செங்குத்தான மலை விளிம்பு. காலடியிலிருந்து சுமார் 870 மீட்டர் கீழே விழுகிறது. வெயில் ஏற ஏற, கீழ்நாட்டின் சூடான ஈரக் காற்று அந்தச் சுவரோடு மேலே வரும். வரும் வழியில் குளிர்ந்து புகாராகிவிடும், அதாவது மூடுபனியாக. பெரும்பாலான நாட்களில் ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்தாக்கு மூடிக்கொள்ளும். ஏப்ரலில் பின்னேரம் இடியும் மழையும் வேறு. ஆகவே நுவரெலியாவிலிருந்து விடியற்காலை நாலரைக்கு, பிந்தினால் ஐந்துக்கு, வேன் புறப்பட்டிருக்க வேண்டும். அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். வாசல் 6 மணிக்குத் திறக்கும். ஏப்ரல் சீசனில் ரிக்கட் வரிசையே நீளமாக இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

காலைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வாருங்கள். ஆனால் லஞ்ச் சீட்டில் சுற்றாதீர்கள். உள்ளே விடுமுன் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் எதுவும் போகாது. பிஸ்கட் பக்கெட்டின் உறையைக் கூடக் கழற்றிவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபிளையும் உரித்துவிடுவார்கள். பதின்மூன்று பேருடைய இடியப்பத்தையும் வரிசையில் நின்று பிரித்துக்கொண்டிருந்தால் அதற்குள் புகார் வந்துவிடும். வாழையிலையில் கட்டுங்கள், இல்லாவிட்டால் எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள்.

நடை தொடங்குவது ஃபார் இன் என்ற பழைய வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடத்தடியில். அங்கே மரை நிற்கும். இந்தியாவில் கடமான் என்பார்களே, அதுதான். வேனுக்குப் பக்கத்திலேயே வந்து முகத்தை நீட்டும். சின்னவர்கள் பிஸ்கட் கொடுக்கத் துடிப்பார்கள், விடாதீர்கள். காட்டு மிருகம் கைச்சாப்பாட்டுக்குப் பழகினால் அதன் வயிறும் கெடும், கொம்பால் நமக்கும் ஒருநாள் கிடைக்கும்.

பாதை ஒரு சுற்றுவட்டம், மொத்தம் 9 கிலோமீட்டர் அளவு. நின்று பார்த்து நடந்தால் மூன்று, நான்கு மணி நேரம். கொஞ்சத் தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். அங்கே பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் போகாமல், உலக முடிவுப் பக்கம் திரும்புங்கள். நீர்வீழ்ச்சி புகாரிலும் விழுந்துகொண்டுதான் இருக்கும், பிறகு பார்க்கலாம். முதலில் சின்ன உலக முடிவு வரும், அதைத் தாண்டித்தான் பெரியது. வெளித்திருந்தால் நேர் கீழே தேயிலைத் தோட்டம் தெரியும், தோட்டத் தொழிலாளரின் லயன் வீட்டுக் கூரைகள் தீப்பெட்டி அளவில். எல்லோரும் தூரத்துக் கடலைத் தேடுவார்கள். நான் தோட்டத்துப் பிள்ளை, எனக்கு முதலில் கண் போவது அந்தக் கூரைகளுக்குத்தான். விளிம்பில் சின்னவர்களின் கையை ஒரு பெரியவர் பிடித்தே இருக்கட்டும். செல்ஃபி அங்கே வேண்டாம்.

அம்மா விஷயம். பாதை பெரிய ஏற்றமில்லை, ஆனால் சமதளமும் இல்லை. உருண்டைக் கல், மரவேர், மழை பெய்திருந்தால் சேறு. முழங்கால்காரருக்கு இறக்கம்தான் பகை. பேக்கர் நீர்வீழ்ச்சியின் அடிக்கு இறங்கும் இடம் செங்குத்து, வழுக்கும். 20 மீட்டர் உயர அருவிக்காக அம்மாவை அதில் இறக்கவேண்டாம். ஒரு கைத்தடியோடு மெதுவாகச் சின்ன உலக முடிவு வரை போய், வந்த வழியே திரும்பட்டும். கூட ஒருவர் போனால் போதும். அதுவும் முடியாவிட்டால் ஃபார் இன் பக்கமே இருந்து மரையையும் புல்வெளியையும் பார்க்கலாம். இடையில் வாகனம் ஏதும் வராது, அதனால் பாதி வழியில் "ஏலாது" என்று உட்கார நேராத மாதிரி முதலிலேயே முடிவெடுங்கள். எல்லோருக்கும் ஜாக்கெட் வேண்டும். 2,100 மீட்டருக்கு மேலே, யாழ்ப்பாணத்து வெயிலை மனதில் வைத்து வராதீர்கள்.

இவ்வளவு சொல்லியும் புகார் முந்திவிட்டால்? அப்போது காட்டைப் பாருங்கள். கட்டையான, முறுக்கிய மரங்கள், குடை விரித்த தலை, கிளையெல்லாம் தாடி மாதிரிப் பாசி. அந்தப் புகாரை இலையும் பாசியும் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குள் இறக்குகின்றன. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இந்த மேட்டிலிருந்து தண்ணீர் போகிறது. 1988இல் தேசியப் பூங்காவாக்கினார்கள், 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலிலும் வந்தது. பாதையோரம் நெலு என்றொரு செடி பார்ப்பீர்கள். நம் குறிஞ்சியின் இனம்தான், பல வருடத்துக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும்.

சிறுத்தை இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதைக் காண்பது அபூர்வம். கூட்டமாக, பாதையை விட்டு விலகாமல் நடந்தால் போதும். யானையைத்தான் இப்போது காணமுடியாது. ஒருகாலத்தில் இங்கே இருந்தவற்றை வேட்டையாடியே முடித்துவிட்டார்கள். நீர்வீழ்ச்சிக்குப் பெயர் கொடுத்த சாமுவேல் பேக்கரே பெயர்பெற்ற வேட்டைக்காரர்தான்.

தம்பிக்கு: கிரிகல்பொத்த 2,388 மீட்டர், இலங்கையில் இரண்டாவது உயரம். போய்வர ஏறத்தாழ 14 கிலோமீட்டர். உலக முடிவையும் அதையும் ஒரே நாளில் போட்டால் 12 பேர் வேனில் இருந்து அவனைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். பட்டிப்பொலப் பக்கத்திலிருந்து வரும் பாதையில் தொட்டுபொல கந்த இருக்கிறது, 2,357 மீட்டர், ஏற்றம் குறுகியது. திரும்பும்போது வானம் விட்டால் அதில் ஏறட்டும்.