வெள்ளையை வெள்ளையாக எடுப்பது

வணக்கம் நேயர்களே. புல்நுனியில் நிற்பதும் பனி, காலையில் தேயிலை மலையை மூடுவதும் பனி, இமயத்தில் கொட்டுவதும் பனி. இலங்கை மலைநாட்டு ஹட்டனில் பிறந்து வளர்ந்த எனக்கு முதல் இரண்டும் பழக்கம். மூன்றாவதைப் பார்க்க சுவிட்சர்லாந்து வரை போக வேண்டியிருந்தது. அங்கே இருக்கும் சின்னம்மா மகள் கிரிண்டல்வால்டுக்குக் கூட்டிப்போனாள். எதிரே ஐகர் சிகரம், 3967 மீட்டர். நம் நாட்டின் மிக உயர்ந்த மலை பிதுருதலாகலை 2524 மீட்டர். கொஞ்ச நேரம் கேமராவைத் தொடவே தோன்றவில்லை.

ஆனால் பனியைப் படம் எடுக்க நான் கற்றது நுவரெலியாவில்தான். ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்து, காற்று அடங்கிய இரவுகளில் அங்கே துகள் பனி, அதாவது புல்லின் மேலேயே உறையும் பனி, விழும். விடியற்காலையில் குதிரைப் பந்தயத் திடலின் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் இருக்கும். வெயில் ஏறினால் போய்விடும். அவசர அவசரமாக எடுத்த என் முதல் படங்களில் அந்த வெள்ளை, அடுப்புச் சாம்பல் நிறத்தில் வந்தது.

கேமராவில் பழுது இல்லை. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணித்தான் அது வெளிச்சத்தை அளக்கும். படம் முழுக்க வெள்ளை என்றால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். அதனால் நாமே எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டொப், ஒன்றரை ஸ்டொப் கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). போனில் எடுப்பவர்கள் பனியின் மேல் விரலால் தட்டி, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளினால் போதும். மூடுபனிக்கும் இதே கணக்குதான்.

அப்புறம் நிழல். வெயில் படாத பனிமேல் விழுவது நீல வானத்தின் வெளிச்சம். அதனால் அந்த நிழல் நீலமாகத் தெரியும். மலையின் மேடு பள்ளத்தைக் கண்ணுக்குக் காட்டுவதே அந்த நிழல்தான். சூரியன் சாய்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் எடுங்கள். உச்சி வெயிலில் பனிமலை வெறும் வெள்ளைத் தாளாகிவிடும்.

ஊர் திரும்பி ஐகர் படத்தை ஒரு கடையில் பிரிண்ட் போடக் கொடுத்தேன். நீலம் தப்பு என்று நினைத்து நிறத்தைத் திருத்திவிட்டார்கள். மலை தட்டையாகிப் போயிருந்தது. மனம் கேட்கவில்லை. வேறிடத்தில், நிறத்தைத் தொடவேண்டாம் என்று சொல்லி, மினுக்கம் இல்லாத தாளில் மறுபடி போட்டேன். ஒன்று கவனியுங்கள்: திரைக்குச் சொந்த வெளிச்சம் உண்டு, தாளுக்கு இல்லை. கணினியில் பளிச்சென்ற படம் சுவரில் ஒரு மங்கல் மங்கித்தான் தெரியும். முதலில் சின்னதாக ஒன்று போட்டு, மாட்டப்போகும் சுவரிலேயே வைத்துப் பாருங்கள்.

நம் வீடுகளின் பெரிய எதிரி ஈரம். தாள் கண்ணாடியோடு ஒட்டி இருந்தால் ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சணம் பிடிக்கும். படத்தைச் சுற்றித் தடித்த மவுண்ட் அட்டை வையுங்கள். கண்ணாடிக்கும் தாளுக்கும் இடைவெளி கிடைக்கும். சட்டத்தின் பின்னால் கீழ் மூலை இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டவே மாட்டாதீர்கள்.

படத்தை முதலில் அம்மாவிடம்தான் காட்டினேன். முப்பது வருசம் கொழுந்து பறித்தவர். சிகரத்தை அவர் அதிகம் பார்க்கவில்லை. கீழே நீல நிழல் விழுந்த பள்ளத்தில் விரலை வைத்து, "இந்த எடத்துலதான்டா குளிர் தங்கும். நம்ம மலையிலயும் பள்ளத்துக் கொழுந்துதான் மொதல்ல கருகும்" என்றார். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் இறங்கித் தேங்கும் என்பது உண்மைதான். அந்த நிழல் தாளில் தங்கியிருந்ததால்தானே அம்மாவுக்கு அது தெரிந்தது!

படம் இப்போது எங்கள் வீட்டில், அடுப்படிக்குப் போகும் வழியில், உள்சுவரில் இருக்கிறது. இடம் அம்மா சொன்னது. வணக்கம்.